ரபேலின் ஜெபமாலைத் தண்ணீர்

கோம்பாக் ஆறு மலையிலிருந்து இறங்கும்போது ரபேலுக்கு வணக்கம் வைத்து, "எந்தப் பக்கம் போகட்டும்ணே?" என்று கேட்டுவிட்டுத்தான் கோலாலம்பூர் போகும். கிள்ளான் ஆறு அதுவரை அங்கே கைகட்டிக் காத்துக் கிடக்கும்.

அவருடைய அணை வெறும் மூங்கிலும் கல்லும்தான். கம்பத்து, அதாவது பக்கத்துக் கிராமத்து, மலாய்க்காரர்கள் நெல்லுக்காகக் கட்டியது. பின்னால் வந்த ரயில்வே தமிழர்கள் அதே வாய்க்காலைச் சரிவில் நீட்டிக் காய்கறி போட்டார்கள். முறைத்தண்ணீர் அளக்க ஓட்டை போட்ட கொட்டாங்கச்சி ஒன்று இருந்தது; தண்ணீரில் மிதக்க விட்டால், அது மூழ்கும்வரை ஒருவர் முறை. இருபத்தாறாம் வருஷத்து வெள்ளம் கொட்டாங்கச்சியைக் கொண்டுபோனது. மடைக்காரர் ரபேல் ஜெபமாலையைக் கையில் எடுத்தார். தோட்டத்துக்கு ஒரு ஜெபமாலை. அவர் பாதி ஜெபம் சொல்ல, மீதியை மருமகப் பையன் லியனார்ட் சொல்லவேண்டும். இதை எழுதுகிற தறுதலை அவன்தான். ஜெபம் முடிந்தால் மடைப்பலகை இறங்கும். இந்துக்களும் ஒப்புக்கொண்டார்கள். சாமி காரியத்தில் யார் சந்தேகப்படுவது?

மேல் தோட்டத்துப் பழனியப்பன் சந்தேகப்பட்டான்.

மழை பொய்த்த வருஷம். கடைசித் தோட்டத்து மாரியாயியின் பயற்றங்கொடி பூவெடுத்து நின்றது. காய்ந்தால் அவள் மறுபடி ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டப் போகவேண்டியதுதான். அப்போது பார்த்துப் பழனியப்பன் ரயில்வே கடிகாரத்தோடு வந்து, தன் தோட்டத்து ஜெபத்துக்கும் அவள் தோட்டத்து ஜெபத்துக்கும் நின்றான்.

"ரபேலண்ணே, எனக்கு முள்ளு பாதி வட்டம்தான் போச்சு. மாரியாயிக்கு முக்கால் வட்டம்! மடையை வேற ஆளுகிட்ட கொடுத்துரலாம் லா."

ரபேலுக்கு வேர்த்துவிட்டது. அவர் ஒரு மூச்சுகூடக் கூட்டிச் சொல்லவில்லை. அப்படியானால் நீட்டியது யார்? லியனார்டைப் பார்த்தார். அவன் மேகத்தைப் பார்த்தான்.

"பழனி, ஜெபமாலையில மூணு வகை இருக்கு. உனக்குச் சொன்னது சந்தோஷ தேவரகசியம். அதுக்குச் சொன்னது துக்க தேவரகசியம். துக்கத்துல ஓட முடியுமாப்பா?"

பழனியப்பன் நன்றாக யோசித்தான். "சரி. நாளைக்கு எனக்கும் துக்கமே போடுங்க."

அவன் தலை மறைந்ததும் ரபேல் லியனார்டின் காதைப் பிடித்தார். "மாரியாயி தோட்டத்துக்கு வந்தா மட்டும் உன் ஆமென் ஏன்டா ஆத்தங்கரை வரைக்கும் நீளுது?"

"சளி, மாமா."

"பழனி தோட்டத்துல இல்லாத சளியா?"

வாய்க்காலைப் பார்த்தார். கடைசி மடைக்கு வருவதற்குள் பாதித் தண்ணீரை மண் குடித்திருந்தது. காதை விட்டார்.

"நாளையிலேர்ந்து இந்த மடைக்கு மட்டும் புனிதர் பேரெல்லாம் அடுக்கற பிரார்த்தனையும் சேர்த்துச் சொல்றோம். சூசையப்பர், சவேரியார், அந்தோணியார் எல்லாரும் வரட்டும். பழனி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ மட்டும் இருமித் தொலைக்காதே."