இன்னும் ஒரு ராடு

போன வருடம் பங்குனி மாதம், மல்லசமுத்திரத்துக்கு அருகே ஒரு தோட்டத்தில் நடந்தது இது. நான் அங்கே போகக் காரணமாக இருந்தது ஒரே ஒரு பக்கம்.

புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சேலம் அம்மாபேட்டையில் வீடு. எதைப் பார்த்தாலும் எண்ணிவிடும் பழக்கம் உண்டு. மாடிப்படி, பேருந்தில் நிற்பவர்கள், சாம்பாரில் விழும் கத்திரிக்காய்த் துண்டு வரை எண்ணுவேன். "கொஞ்சம் வெளியில போய் எண்ணுங்களேன்" என்று மனைவி சொன்னது உறுத்தியதோ என்னவோ, இந்த வயதில் பகுதி நேர ஆராய்ச்சிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். நாமக்கல் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகள்தான் தலைப்பு.

ஆய்வு முன்மொழிவின் முதல் பக்கத்தில் நோக்கங்களை எழுத வேண்டும். பதினொன்று எழுதினேன். கிணறுகளின் எண்ணிக்கை, ஆழம், செலவு, மோட்டாரின் குதிரைத் திறன் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. என் நெறியாளருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"சார், இதெல்லாம் நீங்க எண்ணப் போறது. இதுல நீங்க தெரிஞ்சுக்க ஆசைப்படறது எது சார்?"

"எல்லாந்தாம்மா" என்றேன்.

"அப்படின்னா ஆய்வுக் குழுவுல முதல் பக்கத்தோட மூடி வெச்சிருவாங்க."

திங்கட்கிழமைக்குள் புதிய பக்கம் வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருடப் பதிவு கிடையாது. அடுத்த வருடம் என் இரத்த அழுத்தம் எப்படி இருக்குமோ, கண் எப்படி இருக்குமோ, யார் கண்டார்கள்? வீட்டுக்கு வந்து உட்கார்ந்து திருத்தினேன். பதினொன்று ஒன்பதாகக் குறைந்தது. மறுநாள் காலையில் எண்ணிப் பார்த்தால் பதினான்கு இருந்தது. எதை அடிப்பது என்றே தெரியவில்லை. எல்லாமே தேவை என்று தோன்றியது. எதன் மீதும் தனி ஆசை இல்லை.

சனிக்கிழமை காலை ஒரு நண்பர் கூப்பிட்டார். என்னோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவர். ஓய்வுக்குப் பிறகு மல்லசமுத்திரத்தில் தென்னையும் மரவள்ளியும் வைத்திருக்கிறார். "தோட்டத்துல போர் போடறோம். வா, உன் ஆராய்ச்சிக்கு ஆகும்" என்றார். குடையும் மாத்திரையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது துளை போடும் ரிக் வண்டி முழங்கிக்கொண்டிருந்தது. துளையிலிருந்து பாறைத் தூள் புகையாகக் கிளம்பி, நின்றவர்கள் எல்லாரும் திருநீறு பூசியது போல வெளுத்திருந்தார்கள். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்தவர் முந்தின நாளே கல் நட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தத் தோட்டத்தில் இது மூன்றாவது துளை. முதல் இரண்டிலும் தண்ணீர் இல்லை. இதிலும் இல்லையென்றால் தென்னையில் பாதி போய்விடும் என்றார் நண்பரின் மனைவி, மோர்ச் சொம்பை என்னிடம் கொடுத்தபடி.

துளைக்குள் ஒன்றோடொன்று மாட்டி இறக்கும் இரும்புத் தண்டுதான் ராடு; ஒன்று இருபது அடி. அது முழுக்க இறங்கியதும் இயந்திரம் நிற்கும். அடுத்ததை மாட்டும் முன் ஆபரேட்டர் திரும்பிப் பார்த்து ஒரே கேள்வியைக் கேட்பார்: "ஏனுங்க, அடுத்தது மாட்டறதுங்களா?"

நண்பர் பக்கத்தில் நிற்கும் தன் தம்பியைப் பார்ப்பார். தம்பி அண்ணியைப் பார்ப்பார். அண்ணி துளையைப் பார்ப்பார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆபரேட்டர் கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு மாட்டிவிடுவார்.

நான் குறித்துக்கொண்டே வந்தவன், எழுதுவதை நிறுத்திவிட்டு அவர்கள் முகங்களைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"எத்தனை அடியில நிறுத்தறதுன்னு முன்னாடியே பேசலையா?" என்று நண்பரிடம் கேட்டேன்.

"ஐந்நூறுன்னு பேசினோம்."

"இப்ப எழுநூறு ஆச்சே?"

"ஐந்நூறுல தூள் கொஞ்சம் ஈரமா வந்துச்சப்பா."

"அறுநூறுல?"

"அங்க காய்ஞ்சுதான் வந்துச்சு. ஆனா ஐந்நூறுல ஈரமா வந்துச்சில்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் இயந்திரம் நின்றது, ஆபரேட்டர் கேட்டார். இந்த முறை நண்பர் என் பக்கம் திரும்பினார். "கணக்கெல்லாம் உனக்குத்தானே தெரியும். நீ சொல்லு."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கையில் எல்லா எண்ணும் இருந்தது. முதல் இரண்டு துளைகளின் ஆழம், ஆன செலவு, ஈரம் வந்த இடம், வராத இடம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் நிறுத்துங்கள் என்பதுதான் விடை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது, "இன்னும் ஒண்ணு விட்டுப் பாக்கலாமே."

விட்டார்கள். புகைதான் வந்தது. மறுபடியும் என்னைப் பார்த்தார்கள். "சரி, இது ஒண்ணே ஒண்ணு" என்றேன். அதுவும் இறங்கியது; அதே புகை. அதற்கடுத்த முறையும் நான் வாயைத் திறக்கப் போனபோது நண்பரின் மனைவி சிரித்துவிட்டார்.

"ஏனுங்ணா, எண்ண வந்தீங்களா, எங்க ஊட்டுக்காரருக்குத் தொணைக்கு வந்தீங்களா?"

சொல்லிவிட்டு நேரே வண்டியருகே போனார். "போதுமுங்க. ராடைக் கழட்டுங்க."

இயந்திரச் சத்தம் அடங்கியதும் காது அடைத்தது போல இருந்தது. நண்பர் கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ தலைச்சுமையை இறக்கியவர் போல வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"ஆமாமா. ஆயிரம் அடியில சொல்லியிருப்பீங்க" என்றார் மனைவி. அவர் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் நிற்கவில்லை.

எப்படி முடிவு செய்தீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "தெரியலீங்ணா. நீங்களும் சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுது. அப்புறம் வேற யாரு இருக்கறா?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. எண்ணவே இல்லை. பேசி வைத்த ஆழத்தை ஒரு குடும்பம் எப்படித் தாண்டுகிறது? எதைப் பார்த்துத் தாண்டுகிறது? கடைசியில் நிறுத்தச் சொல்வது யார், ஏன் அவர்? இந்தக் கேள்விகளைத் தவிர எதுவும் மனதில் ஓடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பே அவற்றை எழுதி முடித்தேன். பழைய பதினான்கு நோக்கங்களும் இந்தக் கேள்விகளுக்கு விடை தேடும் வழிகளாகி, பின்பக்கங்களுக்குப் போய்விட்டன.

திங்கட்கிழமை நெறியாளர் அந்தப் பக்கத்தைப் படித்தார். "இதுக்கெல்லாம் விடை உங்களுக்குத் தெரியுமா சார்?"

"தெரியாதும்மா. அன்னிக்கு நான் ஏன் இன்னும் ஒண்ணுன்னு சொன்னேன்னுகூடத் தெரியல."

வேறு எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். குழுவும் ஏற்றுக்கொண்டது.

நண்பர் அந்தத் துளைக்கு மூடி போட்டுவிட்டு, லாரித் தண்ணீரில் முடிந்த தென்னைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். எனக்கு இப்போதும் ரிக் வண்டி தெருவில் போனால் அதிலுள்ள ராடுகளை எண்ணக் கை பரபரக்கிறது. ஆனால் மனசு, அது போய் நிற்கப்போகும் தோட்டத்தில் யார் முதலில் வாயைத் திறந்து போதும் என்பார்களோ என்று கேட்டுக்கொண்டு, வண்டிக்குப் பின்னாலேயே போய்விடுகிறது.