பந்து விழ வேண்டாம்

லாரி உரசிய மகளுக்கு அறுவை சிகிச்சை. கால் தப்புமா என்று தெரியாமல் தூத்துக்குடி மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் காயல்பட்டினத்துப் பெண் ஒருத்தி போனில், பந்து கீழே விழாமல் தட்டித் தட்டி மேலே அனுப்பும் 'பின்பால்' விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தாள். அவள் கணவரும் ஆபரேஷன் தியேட்டருக்கு உள்ளேதான் இருந்தார்.

"கொஞ்சம் ஆடுங்கக்கா" என்று போனை நீட்டினாள். வேகமாக வந்த பந்தை என்னால் தடுக்க முடியவில்லை. அது கீழே விழுந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் போனை வாங்கி, 'கடினம்' என்றிருந்ததை 'எளிது' என்று மாற்றினாள்.

"கஷ்டமா வச்சாத்தான் எனக்கு வேற நெனப்பு வராது. ஒங்களுக்கு இன்னைக்குப் பந்து விழ வேண்டாங்கக்கா."

மகளின் காலைக் காப்பாற்றிவிட்டதாக டாக்டர் வந்து சொல்லும்வரை ஆடினேன்.

மகள் இப்போது நடக்கிறாள். லாரிச் சத்தம் கேட்டால் நான் இன்னும் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். தன் கவலைக்கு நடுவிலும் என்னால் எவ்வளவு தாங்க முடியும் என்று யோசித்தவளின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. சாமி கும்பிடும்போது, அவள் கணவருக்காகவும் வேண்டிக்கொள்கிறேன்.