கஜேந்திரன் போட்ட கரை

எதிர் மளிகைக் கடையில் எனக்குப் போன் என்றாலே பயம். மகன் கப்பல் வேலைக்குப் போனதிலிருந்து அப்படித்தான். போன வாரமும் என் மனைவி சரோஜாவின் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். பேசியது கஜேந்திரனின் தம்பி. "அண்ணன் பூட்டாருங்க." நம் பையனுக்கு ஒன்றுமில்லை என்று முதலில் மூச்சு வந்தது. செத்துப்போனது கஜேந்திரன் என்று உறைத்ததும் அந்த மூச்சு பாதியிலேயே நின்றது.

பல்லாவரம் தோல் கம்பெனியில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்கு அவனைத் தெரியும். ஞாயிறானால் கோவளம் பஸ்ஸில் ஏறிப் போய்க் கடலைப் பார்த்துவிட்டு, கீழ்க்கட்டளை வீட்டுக்கு வந்து பெயின்ட் டப்பாவைத் திறப்பான். கறுத்த மேகம், பனைமர உயரத்துக்கு அலை, மூலையில் எறும்பளவு ஒரு மனிதன். "ஏன்டா ஆளை இவ்ளோ சின்னதா போடுற?" என்றால், "கடலாண்ட நின்னா நம்ம சைஸு அவ்ளோதாண்ணா" என்பான். என் தொப்பையைப் பார்த்தபடி எப்படித்தான் சொன்னானோ!

நான் எட்டாவதோடு நின்றவன்; என் பிள்ளை கப்பல் ஏறுகிறான் என்ற திமிரில், எங்கள் கூடத்துச் சுவரில் கப்பல் படம் போடச் சொன்னேன் அவனிடம். மகனைப் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், சுவர் முழுக்கப் புயல். நடுவில் சாய்ந்த கப்பல். கவிழ்கிற கப்பல் படம் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். இங்கே பிள்ளையே கப்பலில். சரோஜா படுக்கை விரிப்பை ஆணியடித்து மூடிவிட்டாள்.

"கொஞ்சம் வெயில் அடிக்க வுடேன்டா" என்று கெஞ்சினேன்.

"அப்பால அது கடலாண்ணா? தண்ணித் தொட்டி."

ஐப்பசியில் ரேடியோ புயல் எச்சரிக்கை சொன்னது. மகனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. சரோஜா சாப்பாட்டைத் தொடவில்லை. கொட்டுகிற மழையில் கஜேந்திரன் டப்பாக்களோடு வந்து விரிப்பை விலக்கினான்.

"இன்னும் கொஞ்சம் காத்து போட வந்தியா தம்பி?" என்றாள் சரோஜா.

அவன் அலையைத் தொடவில்லை. சுவரின் அடியில் விரல் அகலத்துக்கு மணல் பூசினான். அதில் எறும்பளவு இரண்டு பேர்: குடை பிடித்த ஒரு தொப்பைக்காரன், பக்கத்தில் ஒரு பெண்.

"கடல அடக்க என்னால ஆவாது அண்ணி. ஆனா கப்பல் திரும்பி வர கரை வோணும்ல? நீங்க ரெண்டு பேரும் அங்கயே நின்னுகினு இருங்க."

சரோஜா குனிந்து பார்த்தாள். "அவருக்கு மட்டும் குடையா?" என்றாள். அன்றைக்குத்தான் இரண்டு வாய் சாப்பிட்டாள்.

புயல் ஓய்ந்த பிறகு மகன் கொழும்பிலிருந்து பேசினான். கப்பல் சாய்ந்தது நிஜம்தானாம்.

மகன் இன்னும் கடலில்தான் இருக்கிறான். என் பயமும் போகவில்லை. கஜேந்திரன் என்னிடம் விட்டுப்போனது அந்த விரல் அகல மணல்தான். மழை பிடித்தால் அந்தச் சுவரருகே போய் நிற்கிறேன். கொஞ்ச நேரத்தில் சரோஜாவும் வந்து நிற்பாள், குடையைச் சொல்லி என்னைத் திட்டிக்கொண்டே.