ஈரச் சுவரில் ஒட்டிய பூ

தெருவில் அவளுக்குப் பெயர் பசைக்காரி. அடுத்தவர் வீட்டுச் சுவருக்கெல்லாம் வால்பேப்பர் ஒட்டுவது அவள் தொழில். ஒரு பூவின் பாதி ஒரு தாளில் இருக்கும், மீதி அடுத்த தாளில் இருக்கும். அவள் சேர்த்துவிட்டால், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாலும் இணைப்பு தெரியாது. ஆனால் அவள் வாடகைக்கு இருந்த கீழ்வீட்டுச் சுவரோ கறுப்புப் பூஞ்சை பிடித்து நாறியது.

மாடிக் குளியலறைக் குழாய் சுவருக்குள்ளேயே கசிந்தது. அந்தச் சுவரோரம்தான் மகளின் கட்டில். பிள்ளை ஓயாமல் இருமும். மாடியில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரிடம் மூன்று வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். "காத்தோட்டமா வச்சுக்கம்மா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த மனுஷர் ஒருநாள் தானே இறங்கி வந்தார், கையில் வால்பேப்பர் சுருள்களோடு! வீட்டை விற்கப் போகிறாராம். நாளைக்கு ஒருத்தர் பார்க்க வருகிறாராம்.

"இந்தச் சுவரை மட்டும் அழகா மூடிடும்மா. உனக்குத் தெரியாத வேலையா?"

அவள் ஒரு சுருளைப் பிரித்துப் பார்த்தாள். ஒரு காலத்தில் பணக்காரர்கள் சுவருக்குப் பட்டுத்துணி கட்டினார்கள். அதற்கு வழியில்லாதவர்கள், பட்டு மாதிரி பூ அச்சடித்த தாளை ஒட்டி ஆசையைத் தீர்த்துக்கொண்டார்கள். அப்படி ஆசைக்குப் பிறந்த பொருளை வைத்து, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொல்கிறாரே இந்த ஆள்!

"ஈரச் சுவர்ல தாள் நிக்காதுங்க. முதல்ல குழாயைப் பாருங்க."

"நிக்க வைம்மா. முடியாதுன்னா வீட்டை இப்பவே காலி பண்ணு."

பல்லைக் கடித்துக்கொண்டு ஒட்டினாள். தூக்குக்குண்டு பிடித்துக் கோடு போட்டாள். தாளின் பின்பக்கம் பசை தடவி, மடித்து ஊறவைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் நீவினாள். அத்தனை கோபத்திலும் கை கோணவில்லை. அதில் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"ஜன்னலைத் திறக்காதீங்க, ஃபேனும் போடாதீங்க. மெதுவாத்தான் காயணும். அவசரப்பட்டா ஓரம் தூக்கிக்கும்" என்று ஒன்றுக்கு இரண்டு தடவை அவரிடம் சொன்னாள்.

கேட்டால்தானே! மறுநாள் வாங்க வருகிறவர் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மாடிக்காரர் உள்ளே வந்து, "என்ன வாடைம்மா இது!" என்று மூக்கைச் சுளித்து, ஃபேனை முழு வேகத்தில் சுழலவிட்டார். பசைக்காரி தடுக்க வாயைத் திறந்தாள். கட்டிலில் மகள் இருமினாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

வந்தவர், "அடடா, பூ என்ன அழகு!" என்று சுவருக்குக் கிட்டே போனார். மேல் மூலையில் ஓரம் தூக்கியது. காற்று உள்ளே புகுந்தது. அவ்வளவுதான், ஒரு தாள் முழுசாக உரிந்து அவர் தலையிலேயே விழுந்தது. பூஞ்சைத் தூள் மூக்கில் ஏறி மனுஷர் ஒரு தும்மல் போட்டார் பாருங்கள், வீடே அதிர்ந்தது. "முதல்ல குழாயைச் சரிபண்ணுங்க, அப்புறம் விலை பேசலாம்" என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலத்துக்குள் பிளம்பர் வந்து சுவரை உடைத்துக்கொண்டிருந்தார். மாடிக்காரர் ஒன்றும் நடக்காதது மாதிரி சிரித்தார்.

"காஞ்சதும் மறுபடி ஒட்டிக் குடுத்துடும்மா."

அவள் பசை வாளியை அவர் காலடியில் ணங்கென்று வைத்தாள்.

"எம்பொண்ணு மூணு வருஷமா இருமினது உங்க காதுல விழலை. வாங்க வந்தவர் ஒரே ஒரு தும்மல் போட்டாரு, பிளம்பர் ஓடி வந்துட்டாரு. இந்தாங்க பசை. நீங்களே ஒட்டிக்குங்க!"