காளான் மேட்டில் நான் குத்திய புள்ளி

காளான் முளைக்கும் ரகசிய இடத்தை வரைபடத்தில் புள்ளி குத்தி, பெயரும் எழுதி, ஊருக்கே காட்டிக் கொடுத்த முட்டாள் நான்தான். பழியைப் போட வேறு ஆள் தேடிப் பார்த்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

அந்த இடம் என்னுடையது இல்லை. சட்டப்படி பார்த்தால் என் மனைவியுடையதும் இல்லை. எங்கள் ஊரான ரந்தாவுக்கு வெளியே, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் இருக்கும் பழைய கறையான் புற்று அது; நிலம் கம்பெனிக்காரனுடையது. ஆனால் நல்ல வெயிலுக்குப் பிறகு மழை கொட்டினால், புற்றைச் சுற்றி விடிவதற்குள் வெள்ளை வெள்ளையாகக் காளான் எழும்பும் என்பது அவளுக்குத்தான் தெரியும். அதே தோட்டத்தில் பிறந்தவள். அவள் அம்மா காட்டிவிட்டுப் போன இடம். எங்கள் பக்கத்தில் காளான் இடம் யாருக்குத் தெரியுமோ அவர்தான் அதற்குச் சொந்தக்காரர். பத்திரம், பதிவு எல்லாம் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

பறித்து வந்ததைப் பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுப்பாள். "எங்கக்கா பறிச்சீங்க?" என்றால், "அங்கிட்டுத்தான்" என்று கையை நாலு பக்கமும் காட்டுவாள். புருஷனான எனக்கும் அதே அங்கிட்டுத்தான். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் ரோட்டோரம் இறக்கி விடுவேன். அவள் வாளியோடு உள்ளே போய்விடுவாள். நான் கொசுக்களுக்கு அன்னதானம் செய்துகொண்டு நிற்பேன்.

இந்த நிலைமையை மாற்றியது மின்சைக்கிள். பக்கத்து ஊரான செண்டாயானில் ஒரு கடையில் வாங்கினேன். தொப்பையைக் குறைக்க என்று வீட்டில் சொன்னேன். மிதிக்காமலே ஓடுகிற சைக்கிளில் தொப்பை எப்படிக் குறையும் என்று அவள் கேட்கவில்லை. அவள் கணக்கு வேறு. சத்தமே இல்லாமல் நான் எங்கள் தாமான் வீட்டு வரிசைகளைச் சுற்றி வந்ததை வாசலில் நின்று பார்த்தவள், "இதுல போனா ஒருத்தருக்கும் தெரியாதுல்ல?" என்றாள். அடுத்த மழைக்குப் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, "இடது... நேரா... உடைஞ்ச பாலத்துக்கிட்ட வலது" என்று என்னைப் புற்று வரைக்கும் கூட்டிப் போனாள். தாலி கட்டி எத்தனையோ வருஷம் ஆகியிருந்தாலும், நான் உண்மையில் அவளுக்கு மாப்பிள்ளை ஆனது அன்றைக்குத்தான்.

அந்தச் சைக்கிளோடு ஒரு செயலியும் வந்தது. போனில் அதை இறக்கியதும் வரிசையாகக் கேள்வி கேட்டது. நீ இருக்கும் இடம் எனக்குத் தெரியலாமா? நீ போகும் வழியைச் சேமிக்கலாமா? கல்யாண மேடையில் ஐயர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டியவன் நான், இதற்கும் ஆட்டினேன். அது என் சவாரியைச் சிவப்புக் கோடாக வரைந்து காட்டும். நான் உட்கார்ந்தே வந்த தூரத்துக்கு "அபாரம்!" என்று கோப்பை கொடுக்கும். வீட்டில் இந்த வார்த்தையை யாரும் எனக்குச் சொன்னதில்லையா, மயங்கிவிட்டேன்.

ஒருநாள், "இங்கே நீங்கள் அடிக்கடி நிற்கிறீர்கள். இந்த இடத்துக்குப் பெயர் வைக்கலாமா?" என்று கேட்டது. வைத்தேன். காளான் மேடு. கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். எங்கேயோ வெளிநாட்டில் இருந்து செயலியை நடத்துகிறவனுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்று தைரியமாகத் தமிழிலேயே எழுதினேன். ரந்தாவில் மின்சைக்கிள் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் தமிழர்கள் என்பது அந்த நேரம் பார்த்து மறந்துபோய்விட்டது.

அடுத்த மழை விட்ட விடிகாலை இருட்டில் நாங்கள் போனபோது, புற்றைச் சுற்றி டார்ச் வெளிச்சங்கள். ஐந்தாறு சைக்கிள்கள் செம்பனை மரங்களில் சாய்ந்திருந்தன. ஓர் இளைஞன் கை நிறையக் காளானோடு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"அங்கிள், உங்க மேப் சூப்பர் லா! நேரா கொண்டாந்து விட்டுடுச்சு!"

என் முதுகுக்குப் பின்னால் இருந்தவள் இறங்கினாள். என்னைப் பார்க்கவில்லை. ஒருவன் மண்வெட்டியால் புற்றின் அடியைக் கிளறிக்கொண்டிருந்தான். அவனிடம் போய், "கொத்தாதீங்க தம்பி. கையால திருகி எடுங்க. புத்து செத்துட்டா மறுபடி வராது" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். காலி வாளியோடு திரும்பி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தாள். வீடு வரைக்கும் ஒரு பேச்சு இல்லை. அந்தச் சைக்கிள் அவ்வளவு அமைதியாக ஓடி நான் பார்த்ததில்லை.

கோலாலம்பூரில் வேலை பார்க்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, 'எல்லாரும் பார்க்கலாம்'னு வச்சிருக்கீங்க."

"நான் வைக்கலம்மா. அதுவா அப்படி இருந்துச்சு."

"அதுவா அப்படித்தான் இருக்கும். நாமதான் மாத்தணும். மொதல்ல அந்த இடத்த அழிங்க."

மாற்றினேன். இனிமேல் போகும் சவாரிகள் என்னோடு இருக்கும். ஆனால் ஏற்கெனவே குத்திய புள்ளி போகமாட்டேன் என்றது. அது இப்போது பலர் விரும்பும் இடமாகிவிட்டதாம். செயலிக் கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டுமாம். எழுதினேன். என் தனியுரிமையைத் தாங்கள் உயிராக மதிப்பதாகவும், கோரிக்கையைப் பரிசீலிப்பதாகவும் பதில் வந்தது. சைக்கிள் என்னுடையது, பணமும் கட்டியாயிற்று. சைக்கிள் போன இடத்தைப் பற்றிய சேதி மட்டும் என்னைக் கேட்காமல் ஊர் மேய்ந்துகொண்டிருந்தது.

அழிக்கத்தான் முடியவில்லை, பெயரை மாற்ற முடிந்தது. அங்கேதான் என் மூளை இரண்டாவது முறையாக வேலை செய்தது. 'காளான் மேடு' என்பதை எடுத்துவிட்டு 'நல்ல பாம்புப் புற்று' என்று போட்டேன். ஒரு பயலும் கிட்டே வரமாட்டான்!

வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். புற்றுக்கு மஞ்சள் துணி கட்டியிருந்தது. குங்குமம், கிண்ணத்தில் பால், இரண்டு முட்டை. சுற்றிலும் புல்லைச் செதுக்கி, சருகைப் பெருக்கி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஒரு அம்மா கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். "ரொம்ப சக்தியுள்ள புத்து தம்பி, போன்லயே வந்திருக்கு" என்று எனக்கும் விபூதி கொடுத்தார். பூசிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

வீட்டில் இதைச் சொன்னபோது அவள் உதடு ஒரு பக்கம் கொஞ்சம் துடித்தது. சிரிப்புதான். ஆனால் என்னிடம் அதைக் கொடுக்காமல் அடுப்பங்கரைக்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இத்தனை வருஷம் காத்ததை என்னிடம் கொடுத்தாள். நான் ஒரு கோப்பைக்கு விற்றுவிட்டேன். காளான் இல்லாமல் இருந்துவிடலாம். பின்சீட்டிலிருந்து "இடது, வலது" என்று சொல்லும் குரல் திரும்ப வருமா என்பதுதான் என் கவலையாக இருந்தது.

பிறகு ஒரு நாள் நல்ல மழை. விடிகாலையில் வாளியின் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். அவள் கேட்டருகே நின்றிருந்தாள். முகம் செம்பனைப் பக்கம் இல்லை. பழைய ரப்பர் பால்மரங்கள் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தது.

"இன்னொரு இடம் இருக்கா?" என்றேன்.

வாளியைக் கை மாற்றிக்கொண்டாள். அவசரமாகச் சார்ஜரைப் பிடுங்கினேன், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன், போனைக் கைப்பிடியில் மாட்டினேன்.

"நானும் வரட்டுமா?"

சைக்கிளைப் பார்த்தாள். போனைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"ரெண்டையும் வச்சிட்டு நடந்து வாங்க."