ஸ்கேலம்மாவும் படம் ஏழும்

கல்லூரி நூலகத்தின் பின்பக்கம், நகலெடுக்கும் இயந்திரத்துக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில் ஓர் அறை இருக்கிறது. கதவில் 'ஆய்வேடு சரிபார்ப்புப் பிரிவு' என்று பலகை தொங்கும். மாணவர்கள் வாயில் அது வெறும் 'ஸ்கேலம்மா ரூம்'.

முதுகலை ஆய்வேடு எழுதி முடித்தவர்கள் அதைத் தைத்து அட்டை போடக் கொடுப்பதற்கு முன் ஸ்கேலம்மாவிடம் கையெழுத்து வாங்கியாக வேண்டும். ஆய்வுக்குள் என்ன இருக்கிறது என்பது அவள் கவலை இல்லை. அதைப் பார்க்கப் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பார்த்தார்களா என்பது வேறு விஷயம். இவள் பார்ப்பது ஓரம், இடைவெளி, அட்டவணை, படம். கண்ணாடி மாதிரியான ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலைப் பக்கத்தின் மேல் வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அட்டவணைக்குத் தலைப்பு மேலே, படத்துக்குக் கீழே. அடுத்த பக்கத்துக்குப் போகும் அட்டவணை தன் தலைப்பையும் கூடவே சுமந்துகொண்டு போகவேண்டும். எழுத்தில் ஓரிடத்திலாவது குறிப்பிடாத படம் ஆய்வேட்டுக்குள் இருக்கவே கூடாது.

"இந்தப் படத்தை யாரு கூப்பிட்டா? கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்து முன்வரிசையில உக்காந்திருக்கு," என்பாள்.

"ஒரு மில்லிமீட்டர்தானே மேடம் வெளிய போயிருக்கு," என்று கெஞ்சுகிறவர்களுக்கும் அவளிடம் பதில் உண்டு. "அப்ப உள்ள தள்றதும் சுலபம். ஒரு மில்லிமீட்டர்தானே?"

வீட்டிலும் அதே கண்தான். நாத்தனார் மகளின் கல்யாண ஆல்பத்தில் படங்களுக்கு மேலே பெயர் அச்சடித்திருந்ததைப் பார்த்துவிட்டு, "கீழ போட்டிருக்கணும்," என்று பெண்ணைப் பெற்றவரிடமே சொன்னவள். நாத்தனார் அதற்கப்புறம் ஆல்பத்தை வெளியில் எடுப்பதே இல்லை.

இப்படிப்பட்டவளுடைய புருஷன் ஆய்வேடு எழுதினால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார். தலை நரைக்க ஆரம்பித்தபின் முதுகலையில் சேர்ந்தார். பாதிக் காரணம் பதவி உயர்வு. மீதிக் காரணம், "உங்களுக்கென்ன சார், விசில் ஊதினாப் போதும்," என்று கணக்கு வாத்தியார் எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தது. குதிப்பதற்கு முன் உடம்பைச் சூடேற்றிக்கொண்டால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் தூரம் தாண்டுவார்களா என்பதுதான் ஆய்வு. சனிக்கிழமைதோறும் மைதானத்தில் பிள்ளைகளைத் தாண்டவிட்டார். அளக்கும் நாடாவின் ஒரு முனையைப் பிடிக்க ஸ்கேலம்மா போனாள். வேறு யாரைக் கூப்பிடுவார்?

எழுதும்போது மட்டும் ஒரு பக்கத்தைக்கூட அவளிடம் காட்டவில்லை. அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஊர்ல இருக்கறவன் ஆய்வேட்டையெல்லாம் திருத்தறேன். வீட்டுல இருக்கறதைக் காட்டினா குறைஞ்சா போயிடுவீங்க?"

"காட்டினா நீ படிக்கமாட்டே. அளப்பே."

"அளக்கறது தப்பா?"

"தப்புன்னு யாரு சொன்னா? நான் எழுதினதை ஒருத்தராவது படிக்கணும்னு ஆசையா இருக்கு. கைடு புரட்டிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டாரு. நீயாவது படிப்பேன்னு நெனச்சேன்."

"படிக்கறதுக்கா எனக்குச் சம்பளம் தராங்க?" என்று சொல்லிவிட்டாள். சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கணினியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதற்கு மேல் பேச்சில்லை.

பதிவுக் காலத்தை அவர் கேட்டுக் கேட்டு நீட்டியாகிவிட்டது. இனி நீட்ட வழியில்லை. இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் ஸ்கேலம்மாவின் கையெழுத்து விழாவிட்டால் அத்தனை சனிக்கிழமைகளும் பழைய பேப்பர் கடைக்குத்தான். இது இரண்டு பேருக்குமே தெரியும்.

மதியத்துக்கு மேல் அவர் வரிசையில் வந்து நின்றார். கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் நிற்கும் பெண்ணின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிரிவுத் தலைவர் எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுக்காரர் ஆச்சே, வேணும்னா நான் பாக்கட்டுமா?" என்றார். சலுகை காட்டிவிடுவாள் என்ற பயம் அவருக்கு இல்லை. அந்த மனிதர்மேல் இரக்கம். ஸ்கேலம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வணக்கம் மேடம்," என்றார் புருஷன்.

"உக்காருங்க," என்றாள் பெண்டாட்டி.

வரிசையில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான்.

ஓரங்கள் இம்மியும் பிசகவில்லை. உள்ளுக்குள் அவளுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அந்தப் பெரிய அட்டவணை வந்தது. அகலம் போதாமல் பக்கத்தைப் படுக்கவாட்டில் போட்டிருந்தார். அப்படிப் போட்டால் அட்டவணையின் தலை தையல் பக்கம் இருக்கவேண்டும். இவருடையது வெளிப்பக்கம் தலை வைத்துக் கிடந்தது.

"தலைமாடு கால்மாடு தெரியாம படுத்திருக்கு," என்றாள். "மாத்துங்க."

அவர் குறித்துக்கொண்டார். அவள் அடுத்த பக்கங்களைப் புரட்டினாள். படம் ஒன்றிலிருந்து ஆறுவரை பிள்ளைகள் கையைக் காலை நீட்டி உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது படத்தில் ஸ்கேல் நின்றுவிட்டது.

மணல் குழியின் ஓரத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நாடாவை மூக்குக்கு நேராகப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தாள். முகம் பாதிதான் தெரிந்தது. சேலை முந்தானையில் மணல். 'படம் 7: தாண்டிய தூரத்தை அளக்கும் முறை.' தலைப்பு கீழேதான் இருந்தது, அளவாக, நடுவாக.

எப்போது எடுத்தார் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது.

அந்த அத்தியாயம் முழுக்க விரலை ஓட்டினாள். படம் ஆறு இருந்தது, எட்டு இருந்தது. ஏழைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"படம் ஏழைப் பத்தி எழுத்துல எங்கயும் இல்லை." ஏழாவது படத்துக்கே திரும்பி வந்தாள். "ஒண்ணு, அதைப் பத்தி ஒரு வரி எழுதுங்க. இல்லைன்னா படத்தை எடுத்துடுங்க."

"என்ன எழுதறது?"

"அது என் வேலை இல்லை."

அவர் எதிரில் இருந்த பிரிண்ட் கடைக்கு ஓடினார். வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்துக்கு வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார். அட்டவணை இப்போது ஒழுங்காகத் தலை வைத்துப் படுத்திருந்தது. படத்துக்கு முந்திய பக்கத்தில் புதிதாக ஒரு வரி முளைத்திருந்தது.

'படம் 7-இல் உள்ளபடி எல்லா அளவுகளையும் எடுத்தவர் ஒருவரே. அவர் எந்தப் பிள்ளைக்கும் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூட்டியும் தரவில்லை, குறைத்தும் தரவில்லை என்பதால் இந்த ஆய்வின் எண்களை நம்பலாம்.'

ஸ்கேலம்மா அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் முறையும் படிக்கப் போனாள். ஆனால் கண் பழக்கதோஷத்தில் கீழே இறங்கிவிட்டது. புதிய வரி வந்த வேகத்தில் அதன் கீழிருந்த சின்ன அட்டவணையை இடித்துத் தள்ளியிருந்தது. கடைசி வரிசை மட்டும் அடுத்த பக்கத்தில், தலைப்பில்லாமல், திருவிழாவில் தொலைந்த பிள்ளையாக முழித்துக்கொண்டிருந்தது.

அவரும் அதைப் பார்த்துவிட்டார். முகம் தொங்கிவிட்டது.

"நேரமில்லை. இந்த வரியாலதானே எல்லாம்? இதையும் எடுத்துடறேன், படத்தையும் எடுத்துடறேன். பழையபடி உக்காந்துக்கும்."

"இருங்க," என்றாள்.

ஸ்கேலைக் கீழே வைத்தாள். வரிசையில் சலசலப்பு அடங்கியது. அந்தக் காட்சியை யாரும் பார்த்ததில்லை. அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய் வரிவரியாகப் படிக்க ஆரம்பித்தாள். கிழிந்த காலுறை தெரியும் என்று காலணியைக் கழற்ற வெட்கப்பட்டுத் தாண்டமாட்டேன் என்று நின்ற பையனை ஏன் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஓரிடத்தில் எழுதியிருந்தார். ஈரமணலில் குதிகால் தடம் தெளிவாக விழுகிறது, காய்ந்த மணலில் கலைந்துவிடுகிறது, அதனால் எப்போதும் தண்ணீர் தெளித்தோம் என்று இன்னோரிடத்தில். அந்த வாளியைத் தூக்கியது அவள்தான். ஏன் தூக்கினோம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்ட ஒரு வரி தேடி வந்ததை மறந்துவிட்டுப் படித்துக்கொண்டே போனாள்.

"மேடம், மூடற நேரம்," என்றார் அவர் மெல்ல.

அவள் நிமிர்ந்தாள். பேனாவால் ஒரு வரியைத் தட்டினாள். புதிய வரி இருந்த அதே பக்கத்தின் உச்சியில் அது உட்கார்ந்திருந்தது. 'விளையாட்டு மனித வாழ்வின் இன்றியமையாத அங்கம் என்பதை நாம் அனைவரும் அறிவோம்.'

"அதான் எல்லாரும் அறிவோம்னு நீங்களே சொல்றீங்களே, அப்புறம் எதுக்கு எழுதணும்? இதை எடுங்க. அட்டவணை தானா மேல வந்துடும்."

"அப்ப படம்?"

"படம் எங்க போகுது? எழுத்துலதான் இருக்கே. ஓடுங்க!"

அவர் ஓடினார். பிரிவுத் தலைவர் சாவிக்கொத்தை ஆட்டியபடி வாசலில் நின்றார். நகலெடுக்கும் இயந்திரத்தை யாரோ அணைத்துவிட்டார்கள். விளையாட்டு வாத்தியார் நல்லவேளையாக ஓட்டத்திலும் வாத்தியார்தான். தாளைக் காற்றில் பிடித்துக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். அட்டவணை முழுசாக ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. ஸ்கேலை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு அவள் கையெழுத்துப் போட்டாள்.

வரிசை கலைந்தபின் அவர் மேஜைமேல் குனிந்தார். "ஆக, படிச்சே?"

"பாதி அத்தியாயம்தான். மீதியை வீட்டுக்குக் கொண்டுவாங்க."

"ஸ்கேல் இல்லாமப் படிப்பியா?"

"மீதியில அட்டவணை இருக்கா?"

"இருக்கு."

"அப்ப அதுவும் கூட வரும்," என்று சொல்லி, ஸ்கேலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.