சைக்கிளை விட்டு இறங்கிய இடம்

எண்பதுகளில் லோரி ஓட்டிச் சம்பாதித்து, கோல சிலாங்கூரில் கடலைப் பார்த்த பணக்காரத் தாமான் குடியிருப்பில் வீடு வாங்கினேன். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட் லயத்து வீட்டிலிருந்து அப்பாவையும் அழைத்து வந்தேன். அடுத்த வீட்டுக்காரர் அதே எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அந்த ஆளைக் கண்டால் தொழிலாளிகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஒருநாள் இறங்காததற்காக அப்பாவின் முன்பல்லைக் கைத்தடியால் உடைத்தவர் அவர்.

குடிவந்த மூன்றாம் நாள் காலை, கடைக்குப் போய்த் திரும்பிய அப்பா, கேட்டருகே நின்ற கிராணியைக் கண்டதும் சைக்கிளை விட்டு இறங்கினார்.

கிராணி சிரித்தார். "இன்னும் பழக்கம் விடல லா!"

எனக்கு வெறி ஏறியது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து வாயிலேயே குத்தினேன். பல் ஒன்று தெறித்துத் தார் ரோட்டில் விழுந்தது. மறுபடி கை ஓங்கியபோது என் மண்டையில் பலமாக ஓர் அடி விழுந்தது. திரும்பினால், சைக்கிள் பம்புடன் அப்பா.

"கிராணி மேலயே கை வைக்கிறியாடா, நாயே!" என்று மீண்டும் அடித்தார்.

அதுவரை அப்பா என்னை அடித்ததே இல்லை. நான் வாங்கிய வீட்டின் வாசலிலேயே, கண்ணில் ரத்தம் வழிய விழுந்து கிடந்தேன். அப்பா குனிந்து கிராணியின் பல்லைத் தேடி எடுத்தார். சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினார்.